கூடுகையின் நோக்கம்: சும்மா

படிவத்தின் ஆறாவது கேள்வி வரை ஒரு வில்லங்கமும் இல்லை. வீட்டு எண், தொழில், எத்தனை பேர், எத்தனை நாற்காலி, திறந்தவெளியா, கூரைக்குக் கீழா என்று கேட்டதற்கெல்லாம் அவன் உண்மையை எழுதினான். ஏழாவது கேள்வி, 'கூடுகையின் நோக்கம்' என்றது. அதற்கும் உண்மையையே எழுதினான்.

'சும்மா.'

வினை அங்கேதான் பிடித்தது.

அவன் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது வேலை. அதிகம் பேசமாட்டான். உள்ளே இருப்பவர்கள் கத்தும்போது, "வந்துட்டேன்" என்று மட்டும் சொல்வான். அந்தக் குடியிருப்பில் வரிசையாக நின்ற சிறிய வீடுகளில் ஒன்று அவனுடையது. பின்பக்கம் ஒரு தோட்டம், ஒரு மரம், ஒரு தண்ணீர்க் குழாய்.

போன கோடையின் தொடக்கத்தில் அவன் மனைவி பச்சை நிறத்தில் பன்னிரண்டு மடக்கு நாற்காலிகள் வாங்கி வந்தாள். இருப்பதே இரண்டு பேர், எதற்குப் பன்னிரண்டு என்று கேட்டான். ஒரு நாள் எல்லாரையும் சும்மா கூப்பிட்டு மரத்தடியில் உட்கார வைக்கவேண்டும் என்றாள். கோடை முடிவதற்குள் அவளே போய்விட்டாள். பன்னிரண்டு நாற்காலியும் ஒரே ஒரு நாள்தான் விரிந்தன, அவளைக் கொண்டுபோன அன்று. அவள் யாரையெல்லாம் கூப்பிட நினைத்தாளோ அவர்களேதான் வந்து உட்கார்ந்தார்கள். காரணம்தான் மாறிப்போயிருந்தது.

அதன் பிறகு வந்தவர்கள் எல்லாரும் காரணத்தோடு வந்தார்கள். சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்தார்கள். முகத்தைப் பார்த்துவிட்டுப் போக வந்தார்கள். தெருவில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பவர்கள் அவனைக் கண்டதும் குரலை இறக்குவார்கள், யாரோ ரேடியோவைத் திருகியதுபோல. அவனுக்கு அதில் வருத்தமும் இல்லை. வருத்தம் என்று தனியாகச் சொல்லும்படி ஒன்றும் இல்லாமல்தான் ஒரு வருடம் ஓடியது. ஒரு நாள் ஸ்குரூ டிரைவர் தேடிச் சாமான் அறையைத் திறந்தபோது நாற்காலிகள் சுவரில் சாய்ந்து நின்றன. இந்தக் கோடை முடிவதற்குள் இவற்றை ஒரு தடவையாவது அவள் சொன்ன காரணத்துக்கு விரிக்கவேண்டும் என்று நினைத்தான். பெரிய லட்சியம் ஒன்றுமில்லை.

ஆனால் எட்டுப் பேருக்கு மேல் தோட்டத்தில் கூடினால் குடியிருப்போர் நலச் சங்கத்தின் அனுமதி வேண்டும். சாக்கடை அடைப்பை எடுப்பதற்காகத் தொடங்கிய சங்கம் அது. அடைப்பு அப்படியே இருந்தது, சங்கம் வளர்ந்துவிட்டது.

சங்க அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் ஏழு மாதமாக ஓடவில்லை. 'பழுது நீக்கம் பரிசீலனையில் உள்ளது' என்று அட்டை தொங்கியது. அவன் அதை ஒரு முறை பார்த்துவிட்டுப் படியேறினான்.

எழுத்தர் அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படிவத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சும்மான்னா?"

"சும்மாதாங்க."

"அதான், எதுக்குன்னு கேக்குறேன்."

"எதுக்கும் இல்லீங்க. அதான் சும்மா."

வரிசையில் பின்னால் நின்ற இருவர் இருமினார்கள். எழுத்தர் அம்மா படிவத்தின் மறுபக்கத்தைத் திருப்பிக் காட்டினார். நோக்கங்கள் அங்கே அச்சடிக்கப்பட்டிருந்தன: திருமணம், பிறந்தநாள், பணி ஓய்வு, தேர்வில் வெற்றி, வீடு மாறுதல், துக்கம். மனித குலம் கூடுவதற்கு ஆறு பெட்டி. ஏழாவதற்கு இடமில்லை.

அவர் கெட்டவர் அல்ல. உதவத்தான் பார்த்தார். வீட்டில் யாருக்காவது பிறந்தநாள் உண்டா என்று விசாரித்தார். வீட்டில் அவன் ஒருவன்தான், அவனுக்கும் மழைக்காலத்தில்தான் பிறந்தநாள். பிறந்தநாளைப் பதினைந்து நாளுக்கு மேல் முன்னால் இழுக்க விதியில் இடமில்லை. பணி ஓய்வுக்கு அவனுக்கு முப்பத்திரண்டு வயதுதான். தேர்வு? லிஃப்ட் பாதுகாப்புத் தேர்வு ஒன்றில் ஆறு வருடத்துக்கு முன் தேறியிருந்தான். சங்க விதிப்படி வெற்றிக்கு ஒரு மாதம்தான் ஆயுள்.

"ஏதாவது ஒண்ணைப் போடுங்க சார். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. போன மாசம் ஒருத்தர் ஒரே பிள்ளைக்கு நாலாவது தடவையா முதல் பிறந்தநாள் கொண்டாடுனாரு."

"பொய் எழுதச் சொல்றீங்களா?"

"பொய் இல்ல சார். நோக்கம்."

அவன் பேனாவை மூடினான். எழுத்தர் அம்மா பெருமூச்சு விட்டு, படிவத்தின் மேல் 'விளக்கம் தேவை' என்று முத்திரை குத்தி உள்ளே அனுப்பினார். இனிமேல் சும்மா சும்மா வந்து நிற்கவேண்டாம், ஆளே வீட்டுக்கு வருவார் என்றார்.

ஆள் வந்தார். ஆய்வாளர். இடுப்பில் அளவு நாடா, கையில் அட்டைப் பலகை, முகத்தில் எதிலோ ஏமாந்துவிடக் கூடாதே என்ற கவலை. தோட்டத்தின் நீளம், அகலம், குழாயின் உயரம் எல்லாவற்றையும் அளந்தார். பிறகு நிகழ்ச்சி நிரல் கேட்டார்.

"உக்காருவோம்," என்றான் அவன்.

ஆய்வாளர் எழுதிக்கொண்டார். "அடுத்து?"

"பேசுவோம்."

"பொருள்?"

"தெரியாதுங்க. உக்காந்தாத்தான் தெரியும்."

"தலைமை யாரு? வரவேற்புரை? நன்றியுரை?"

நன்றியுரை இல்லாவிட்டால் கூடுகை எப்போது முடிந்தது என்று யாருக்கும் தெரியாது, அப்படி முடியாமல் போன கூடுகைகள் உண்டு என்று ஆய்வாளர் எச்சரித்தார். 'நான்கு மணி முதல் நான்கு இருபது வரை உட்காருதல்' என்று அவரே ஒரு நிரல் எழுதத் தொடங்கி, ஆறு மணி வரை மீதி ஒரு மணி நாற்பது நிமிடத்துக்கு என்ன செய்வார்கள் என்று தெரியாமல் விட்டுவிட்டார்.

கடைசியாக மர நிழலை அளந்தார். அங்கே கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. நாலு மணிக்குத் தோட்டத்துக்குள் இருக்கும் நிழல், ஐந்து பத்துக்கு வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குள் போய்விடுகிறது. விருந்தினர் நிழலோடு நகர்ந்தால் அது எல்லை மீறல். நகராவிட்டால் வெயிலில் உட்கார வைத்த குற்றம். ஆகவே பக்கத்து வீட்டாரிடமிருந்து நிழலுக்குத் தடையின்மைச் சான்று வேண்டும்.

பக்கத்து வீட்டில் இருந்தது பல் டாக்டர் அம்மா. தனியாள், ஐம்பதைத் தாண்டியவர். அவன் மனைவியோடு வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று மணிக்கணக்கில் பேசியவர். சான்றைக் கேட்டதும் அவர் வாய்விட்டுச் சிரிக்கப் போனார். அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எல்லாரும் செய்வது அதுதான். நிழலை என்ன நானா பிடித்து வைத்திருக்கிறேன் என்று முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

"சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நீங்க சும்மாவை ஊதி, சங்கத்தைக் கெளப்பி விட்டுட்டீங்க தம்பி."

சங்கம் உண்மையிலேயே கிளம்பிவிட்டிருந்தது. 'சும்மா' என்பதன் பொருளை ஆராய மூவர் குழு அமைத்தார்கள். குழு ஒன்பது பக்க அறிக்கை தந்தது. சும்மா என்பது ஆறு வகைப்படும்: வேலையில்லாமல், காரணமில்லாமல், விலையில்லாமல், பேசாமல், விளையாட்டாக, ஓயாமல். விண்ணப்பதாரர் இவற்றுள் எதைக் கருதினார் என்று குறித்துத் தரவேண்டும். அவன் அறிக்கையைச் சமையலறையில் நின்றபடியே படித்தான். அவள் எதைக் கருதினாள் என்று யோசித்தான். கேட்டிருக்கலாம். அன்றைக்குப் பன்னிரண்டு எதற்கு என்றுதான் கேட்டான்.

அவள் அச்சகத்தில் பிழை திருத்துபவள். இந்த ஒன்பது பக்கம் அவள் கையில் கிடைத்திருந்தால் சிவப்பு மையில் குளித்திருக்கும். சங்கத்தின் சுற்றறிக்கைகளை அவள் விட்டதே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் வந்த ஒரு மாதிரி இரங்கல் அறிக்கையில், ஒரு சொல்லைச் சிவப்பில் வட்டமிட்டு, நகலைச் சங்கத்துக்கு அனுப்பினாள். 'தங்கள் திருத்தம் பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. அந்தப் பதிலையும் வட்டமிட்ட தாளையும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்து, வருகிறவர்களிடமெல்லாம் காட்டிச் சிரிப்பாள். இரண்டும் இன்னும் அங்கேயே இருந்தன. அவன் தினமும் அந்தக் கதவைத் திறந்து மூடினான். தாளைப் படிப்பதில்லை.

வியாழக்கிழமை செயலாளர் கூப்பிட்டு அனுப்பினார். அவன் ஞாயிற்றுக்கிழமைக்கு எல்லாரையும் அழைத்தாகிவிட்டது. அடுத்த வாரம் மழை தொடங்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதை விட்டால் கோடை போய்விடும். மறுபடியும் மூன்று மாடி ஏறினான்.

நீள மேசைக்குப் பின்னால் செயலாளரும் ஆறு உறுப்பினர்களும் உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறி செயலாளரை மட்டும் பார்த்துச் சுற்றியது.

"தம்பி, மனுஷங்க காரணத்தோட கூடுனா அது சமூகம். காரணம் இல்லாம கூடுனா அது கும்பல். இன்னைக்கு நீங்க சும்மா கூடுவீங்க. நாளைக்கு உங்களைப் பாத்து நாலு பேர் சும்மா கூடுவாங்க. எல்லாரும் அவங்கவங்க இஷ்டத்துக்குச் சந்தோஷமா இருக்க ஆரம்பிச்சா, அப்புறம் எங்ககிட்ட யாரு வருவா? நாங்க என்ன இங்க சும்மாவா உக்காந்திருக்கோம்?"

அவன் ஏழு பேரையும் வரிசையாகப் பார்த்தான்.

செயலாளர் இன்னொரு கோப்பைத் திறந்தார். குரலைத் தாழ்த்தினார். "அதுவும் இல்லாம, உங்க விலாசத்துல ஏற்கனவே ஒரு கூடுகை நடந்துகிட்டிருக்கு."

"இல்லீங்களே."

"இருக்கு தம்பி. போன கோடையில ஆரம்பிச்சது. வகை, துக்கம். துக்கத்துக்குப் படிவம் கட்டாயமில்ல, வாயால சொன்னாப் போதும். யாரோ சொல்லியிருக்காங்க, பதிஞ்சிருக்கு. ஆனா முடிஞ்சதும் முடிவறிக்கை தரணும். நீங்க தரல. எங்க ஏட்டுப்படி உங்க வீட்ல துக்கம் இன்னும் முடியல."

அவன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான். ஒரு வருடத்தில் அவனைப் பற்றி யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

ஒரே விலாசத்தில் இரண்டு கூடுகை நடக்க முடியாது என்று செயலாளர் விளக்கினார். பழையது முடிந்தால் புதியதற்கு ஏதாவது வழி பார்க்கலாம். பெருந்தன்மையோடு ஒரு தாளை நகர்த்தினார். 'மேற்படி விலாசத்தில் நடைபெற்றுவந்த துக்கம் இன்றைய தேதியோடு முழுமையாக நிறைவுற்றது என்று இதன் மூலம் உறுதி கூறுகிறேன்.' கீழே ஒரு கோடு. செயலாளர் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.

"சும்மா ஒரு கையெழுத்துதான்."

அவன் மூன்று முறை படித்தான். வீட்டுக்கு எடுத்துப்போய்க் கொண்டுவரலாமா என்று கேட்டான். சனிக்கிழமைக்குள் தரவேண்டும் என்றார்கள். அவன் எழுந்தபோது செயலாளருக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது.

"நீங்க லிஃப்ட் வேலைதானே தம்பி? போறப்ப நம்ம லிஃப்டையும் சும்மா ஒரு தடவ பாத்துட்டுப் போங்களேன்."

"எந்தப் பெட்டியில குறிக்கிறதுங்க?" என்றான். யாருக்கும் புரியவில்லை.

ஆனாலும் போகும்போது குனிந்து பார்த்தான். கதவு ஓடும் தடத்தில் காகிதம் கோக்கும் கிளிப் ஒன்று சிக்கியிருந்தது. கதவு முழுதாக மூடவில்லை, அதனால் லிஃப்ட் நகரவில்லை. கிளிப்பை எடுத்துச் சட்டைப் பையில் போட்டான். கதவு மூடிக்கொண்டது. ஏழு மாதமும் பரிசீலித்தது அதைத்தான். அவன் படி வழியாகவே இறங்கிப் போனான்.

சனிக்கிழமை காலை மச்சினி வந்தாள், அவன் மனைவியின் தங்கை. தர்பூசணி இரண்டை இடுப்பின் பக்கத்துக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு வந்தவள், சமையலறை மேசையில் உப்பு ஜாடிக்குக் கீழே இருந்த தாளைப் பார்த்தாள். பக்கத்தில் பேனா திறந்தபடி கிடந்தது. படித்தாள்.

"கையெழுத்துப் போடப் போறீங்களா மாமா?"

"போடலன்னா நாளைக்கு யாரும் வர முடியாது."

"போட்டா?"

அவன் ஜாடியை அந்தப் பக்கம் நகர்த்தினான். பிறகு இந்தப் பக்கம் நகர்த்தினான். வியாழக்கிழமையிலிருந்து பேனாவை நாலு தடவை எடுத்ததாகச் சொன்னான். 'முழுமையாக' என்ற சொல்லுக்கு வந்ததும் கை நின்றுவிடுகிறது என்றான். அந்த ஒரு வருடத்தில் அவன் பேசிய மிக நீளமான பேச்சு அது.

மச்சினி கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜ் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேனாவை மூடினாள்.

"போடாதீங்க. துக்கம்தான் நடந்துகிட்டிருக்கே, நடக்கட்டும். அதுலயே எல்லாரையும் வரச் சொல்லுங்க. அக்கா இருந்திருந்தா இதைத்தான் சொல்லியிருப்பா."

எழுத்தர் அம்மாவுக்குப் போன் போட்டார்கள். விதிப்புத்தகத்தைப் புரட்டிய அவரே வியந்துபோனார். துக்கம் என்றால் ஐம்பது பேர் வரை கூடலாம். நிரல் வேண்டாம், நிழலுக்குச் சான்று வேண்டாம், முடியும் நேரம்கூட வேண்டாம். நாலே நிபந்தனை: குரல் தாழ்ந்திருக்கவேண்டும், சிரிப்பு கூடாது, நாற்காலிகள் ஒரே திசை பார்க்கவேண்டும், எட்டுப் பேருக்கு மேல் போனால் சங்கத்தின் இரங்கலுரை கட்டாயம். இவ்வளவு சலுகை வேறு எதற்கும் கிடையாது சார் என்றார், ஏதோ அதிர்ஷ்டம் அடித்ததுபோல.

ஞாயிறு நாலு மணிக்குப் பத்துப் பேர் வந்தார்கள். விஷயம் எல்லாருக்கும் தெரியும். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, பச்சை நாற்காலிகளில் ஒரே திசை பார்த்து, வேலியைப் பார்த்து உட்கார்ந்தார்கள். பதினோராவது நாற்காலியில் ஆய்வாளர் குறிப்பேட்டோடு அமர்ந்தார். பன்னிரண்டாவது செயலாளருக்கு. அவன் வாசற்படியில் உட்கார்ந்தான்.

எலுமிச்சைச் சாறு போனது. தர்பூசணித் துண்டுகள் போயின. தர்பூசணியைத் துக்கமாகச் சாப்பிடுவது சாதாரண வேலையல்ல. விதையைத் துப்பும் இடத்தில் முகம் ஒத்துழைக்காது. பல் டாக்டர் அம்மா எழுந்து வந்து அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, தழுதழுத்த குரலில், "ஐஸ் இன்னும் கொஞ்சம் இருக்கா தம்பி?" என்றார். அவன் தலையைக் குனிந்தபடி, இருக்கிறது என்றான். ஆய்வாளர் 'ஆறுதல் கூறப்பட்டது' என்று எழுதிக்கொண்டார்.

நாலரைக்குச் செயலாளர் வந்தார். எல்லாருக்கும் முன்னால் நின்று, பையிலிருந்து சங்கத்தின் மாதிரி இரங்கல் அறிக்கையை எடுத்துப் பிரித்தார். கனத்த குரலில் படிக்கத் தொடங்கினார்.

"மறைந்த திரு அல்லது திருமதி இன்னார் அவர்கள், இன்ன துறையில், இத்தனை ஆண்டுகள் அரும்பணி ஆற்றினார். பொருந்தாததை அடித்துவிடவும்."

யாரும் அசையவில்லை. பல் டாக்டர் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். செயலாளர் ஒரு கணம் நிறுத்தி, அவனைக் கனிவோடு பார்த்துவிட்டு, அடுத்த வரிக்குப் போனார்.

"அன்னாரின் குடும்பத்தாரின் ஆழ்ந்த தூக்கத்தில் நமது சங்கமும் பங்குகொள்கிறது."

துக்கம் இல்லை. தூக்கம். இரண்டு வருடத்துக்கு முன் அவள் சிவப்பில் வட்டமிட்ட சொல் அதுதான். ஒரு எழுத்தின் கால் நீண்டுபோன பிழை. பரிசீலனையில் இருந்த திருத்தம் இன்னும் பரிசீலனையிலேயே இருந்தது.

அவன் மச்சினியைப் பார்த்தான். மச்சினி அவனைப் பார்க்கக் கூடாது என்று வேலியைப் பார்த்தாள். அவள் தோள் குலுங்கியது. அவ்வளவுதான். அவன் நெஞ்சுக்குள் ஏதோ ஒரு கதவின் தடத்திலிருந்து ஒரு கிளிப் விழுந்தது. முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு குலுங்கினான். அவன் குலுங்கியதும் பத்துப் பேரும் குலுங்கினார்கள். தோளில் கிடந்த துண்டை வாயில் திணித்துக்கொண்டார்கள், முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். எல்லார் கண்ணிலும் தண்ணீர்.

செயலாளர் நெகிழ்ந்துபோனார். தம் இரங்கலுரைக்கு யாரும் இப்படி உடைந்து அழுததில்லை. அந்த வரி நன்றாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று புரிந்துகொண்டு, குரலை இன்னும் கொஞ்சம் நடுங்கவிட்டு, அதையே மறுபடி படித்தார்.

"ஆழ்ந்த தூக்கத்தில், நமது சங்கமும், பங்குகொள்கிறது."

அதற்குமேல் யாராலும் முடியவில்லை. பல் டாக்டர் அம்மாதான் முதலில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு வேலி வரைக்கும் சிரிப்பு போயிற்று. அவன் வாசற்படியில் சரிந்து, கண்ணைத் துடைக்கத் துடைக்கச் சிரித்தான். நடுவில் எங்கோ அது அழுகையாக மாறி, மறுபடி சிரிப்பானது. எது எதுவென்று பார்க்க யாரும் குரலை இறக்கவில்லை.

ஆய்வாளர் குறிப்பேட்டோடு அவனிடம் வந்தார். பதியாமல் விட முடியாது என்றார். "சிரிப்புக்குக் காரணம் என்ன சார்?"

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னான். "சும்மா."

ஆய்வாளர் எழுதினார். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தச் சொல்லையே பார்த்தார். ஐந்து பத்துக்கு நிழல் வேலியைத் தாண்டியது. எல்லாரும் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு பல் டாக்டர் அம்மாவின் தோட்டத்துக்குப் போனார்கள். செயலாளரின் நாற்காலியை ஆய்வாளர் தூக்கி வந்தார். அங்கே நாற்காலிகள் எந்தத் திசையைப் பார்த்தன என்று யாரும் கவனிக்கவில்லை. செயலாளர் மூன்றாவது துண்டு தர்பூசணி சாப்பிட்டுக்கொண்டு, தம் முழங்கால் வலியைப் பற்றி யாருக்கோ விரிவாகச் சொன்னார். நன்றியுரை யாரும் சொல்லவில்லை. அதனால் எப்போது முடிந்தது என்று தெரியவில்லை.

மழை தொடங்கி இரண்டாவது வாரம் சங்கத்திலிருந்து உறை வந்தது. உள்ளே திருத்திய படிவம். பொதுமக்களின் வசதிக்காக ஏழாவதாக ஒரு பெட்டி சேர்த்திருந்தார்கள்: 'சும்மா (எதற்காக என்பதை இரண்டு பக்கத்துக்கு மிகாமல் விளக்கவும்).' கூடவே ஒரு கடிதம். ஓராண்டைத் தாண்டியும் அவன் விலாசத்தில் துக்கம் நிறைவுறாதது சங்கத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. அதன் தற்போதைய நிலை என்ன என்று ஒரு வாரத்துக்குள் தெரிவிக்கவேண்டும்.

அவன் ஃபிரிட்ஜ் கதவில் இருந்த தாளுக்குப் பக்கத்தில் முடிவறிக்கையைக் கையெழுத்தில்லாமலே ஒட்டினான். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, கடிதத்தின் அடியிலேயே பதில் எழுதினான்.

'நடந்துகொண்டிருக்கிறது. மழை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில், நாலு மணிக்கு. செயலாளர் சும்மா வரலாம்.'